அந்த இன்ஜின் அந்த பாடிக்குள் உட்காருமா?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம், கூடவே ஒரு பெரிய அட்டவணை. பெயரும் கல்லூரியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. நான்கு பேர் சேர்ந்து செய்யும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் தலைப்பு, 'இந்தியக் கடற்படையின் இரட்டை இன்ஜின் போர் விமானத்துக்கு மாற்று இன்ஜின்'. அமெரிக்காவின் எஃப்414, ஐரோப்பாவின் இஜே200, பிரான்சின் எம்88, ரஷ்யாவின் ஆர்டி-33எம்கே, நம்முடைய காவேரி ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டு, எடைக்கு எவ்வளவு உந்துவிசை என்று கணக்குப் போட்டு, இஜே200க்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ரிவ்யூவில் கைடு, "இதெல்லாம் நடக்கிற காரியமா? தலைப்பை மாத்துங்கப்பா" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா மகன் வெளிமாநிலத்தில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். உள்ளேயிருந்து சில பாகங்களின் படங்களை அனுப்புகிறேன் என்கிறார். ஒரு தனியார் நிறுவனம் 45,000 ரூபாய் கட்டினால் ராணுவ ஆய்வுக்கூடத்தில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருவதாகப் பேசுகிறது. அப்பா டீசல் மெக்கானிக், சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்ததும் பட்டறைக்கு வந்துவிடு என்கிறார். கடிதத்தின் நடுவில் ஒரு வரி: "அட்டவணையை அப்பாவிடம் காட்டினேன் ஐயா. அந்த இன்ஜின் அந்த பாடிக்குள்ள உட்காருமா, பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு கேட்டார். அவருக்கு இது புரியாது." கடைசியில் கோபமாக ஒரு கேள்வி: "நம்ம காவேரியை ஏன் போட மாட்டேங்கிறாங்க?"

அன்புள்ள தம்பிக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேல் கடற்படை விமானங்களின் இன்ஜின் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உழைத்திருக்கிறீர்கள். ஐந்து இன்ஜினின் எடை, நீளம், விட்டம், உந்துவிசை எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரே அலகுக்கு மாற்றியிருப்பதே பெரிய வேலை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு பக்கத்தில் இருக்கும் கேள்விகளில் மிகச் சரியானதைக் கேட்டவர் உங்கள் அப்பா. பழைய ஜீப் ஒன்றுக்கு வேறு வண்டியின் டீசல் இன்ஜினை ஏற்றி, மவுண்ட்டை வெட்டி வெல்டு வைத்து, ரேடியேட்டரை மாற்றி ஓட விட்டவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விமானத்துக்கு இன்ஜின் தேர்வு செய்பவர்களும் முதலில் கேட்பது இதைத்தான். அவருக்குப் புரியாது என்று எழுதிய வரியை மனதளவிலாவது அடித்துவிடுங்கள்.

அட்டவணையில் என்ன குறை?

அட்டவணை தப்பில்லை. ஆனால் அது பெஞ்சில் கட்டி வைத்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறது. விமானத்துக்குள் இருக்கும் இன்ஜின் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பிளஸ் டூவில் படித்த ஃபார்முலாவை எடுத்துக்கொள்வோம். வி ஸ்கொயர் ஈக்வல் டு டூ ஏஎஸ். வி என்பது கடைசி வேகம், எஸ் ஓடும் தூரம், ஏ என்பது விசையை எடையால் வகுத்தால் வரும் முடுக்கம். நம் விமானந்தாங்கிக் கப்பல்களான விக்ராந்திலும் விக்ரமாதித்யாவிலும் விமானத்தைத் தூக்கி வீசும் கேட்டபல்ட் கிடையாது. விமானம் தன் சொந்த விசையில் ஓடி, முகப்பில் சுமார் 14 டிகிரி மேல்நோக்கி வளைந்திருக்கும் ஸ்கீ-ஜம்ப் மேல் ஏறிப் பறக்க வேண்டும். ஓடுவதற்கு 200 மீட்டர், விமானத்தின் எடை 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையையும் சக்கர உராய்வையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். இரண்டு எஃப்414 சேர்ந்து 196 கிலோநியூட்டன் உந்துவிசை. அப்படியானால் தளத்தின் முனையில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர். இரண்டு இஜே200 சேர்ந்து 180 கிலோநியூட்டன், வேகம் 216. இரண்டு எம்88 சேர்ந்து 150 கிலோநியூட்டன், வேகம் 197.

முதல் இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் ஒன்பதே கிலோமீட்டர். கப்பல் 20 நாட் வேகத்தில் காற்றை எதிர்த்து ஓடினாலே 37 கிலோமீட்டர் கிடைத்துவிடும். இஜே200 முதலிடமா, எஃப்414 முதலிடமா என்று நீங்கள் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறீர்கள். கப்பலின் கேப்டன் கொஞ்சம் வேகம் கூட்டினால் அந்த வித்தியாசம் கரைந்துபோகும்.

அப்புறம் எம்88. 197ஐப் பார்த்ததும் இது பலவீனமான இன்ஜின் என்று தள்ளிவிடத் தோன்றும். உங்கள் அட்டவணையிலும் அப்படித்தான் பின்னுக்குப் போயிருக்கிறது. இப்போது விமானத்தின் எடையை 20 டன்னிலிருந்து 16 டன்னாக்கி மறுபடி போடுங்கள். வேகம் 220ஐத் தாண்டுகிறது. எம்88 போட்ட பிரெஞ்சு விமானமான ரஃபேல் அப்படி ஒரு உடம்பு. சின்ன இன்ஜினைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிய விமானம். 2022 ஜனவரியில் கோவாவில் உள்ள கரைத்தளத்து ஸ்கீ-ஜம்ப்பில் அதன் கடற்படை வடிவமான ரஃபேல்-எம் ஏறிப் பறந்து காட்டியது. 2025 ஏப்ரலில் நம் கடற்படைக்கு 26 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது. உடம்பு எது என்று சொல்லாமல் எந்த இன்ஜின் நல்லது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று. புத்தகத்தில் போடும் உந்துவிசை 15 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. நம் கடலில் பகலில் 32, 35 சாதாரணம். சூடான காற்று லேசானது, உள்ளே போகும் காற்றின் நிறை குறையும், விசையும் குறையும். எந்த இன்ஜின் எவ்வளவு குறையும் என்பது அது எப்படி வடிவமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அட்டவணையில் அதற்கு ஒரு நெடுவரிசை இல்லை.

உட்காருமா?

இன்ஜினை மாற்றுவது என்றால் நீளமும் விட்டமும் பொருந்தினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் திருத்த வேண்டிய முக்கியமான எண்ணம் இதுதான். எஃப்414இன் முன்னோடியான எஃப்404ம் எஃப்414ம் வெளி அளவில் ஏறத்தாழ ஒன்று. ஆனால் எஃப்414 குடிக்கும் காற்று அதிகம், விநாடிக்குச் சுமார் 66 கிலோவிலிருந்து 77 கிலோவாக உயர்ந்தது. அதனால்தான் அதைப் போட்ட அமெரிக்கக் கடற்படை விமானமான சூப்பர் ஹார்னெட்டின் காற்று உள்வாய் பழைய ஹார்னெட் மாதிரி இல்லை. நம் தேஜஸ் போர் விமானத்தின் அடுத்த வடிவமான மார்க்-2க்கும் எஃப்414தான். அது வரும்போது விமானத்தின் நீளம் 13.2 மீட்டரிலிருந்து 14.6 ஆகிறது. உங்கள் ஊர்க் கிணற்றில் 5 எச்பி மோட்டாரைக் கழற்றி 7.5 போட்டால் கேபிள், ஸ்டார்ட்டர், டெலிவரி பைப் எல்லாம் மாற்ற வேண்டியிருக்குமே, அதே கதை.

இதை நேரடியாகச் செய்து பார்த்தது பிரிட்டன். 1960களில் அமெரிக்காவின் ஃபான்டம் விமானத்தைத் தன் கடற்படைக்கு வாங்கியபோது, ஜே79 இன்ஜினை எடுத்துவிட்டு ரோல்ஸ் ராய்ஸின் ஸ்பே இன்ஜினைப் போட முடிவு செய்தார்கள். காரணம் நியாயமானது. பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்கள் சிறியவை, கிளம்பும்போது அதிக விசை வேண்டும். ஸ்பே அதைத் தந்தது. ஆனால் அது அதிகக் காற்று கேட்டது, உள்வாயை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினார்கள். இன்ஜின் பருமன், பின்னுடலை அகலப்படுத்தினார்கள். உடம்பு பருத்ததும் காற்றுத் தடை கூடியது. கிளம்புவதிலும் ஏறுவதிலும் முன்னேறிய விமானம், உச்ச வேகத்தில் ஜே79 ஃபான்டத்தை விடப் பின்தங்கியது. செலவோ திட்டமிட்டதைத் தாண்டி எங்கேயோ போனது. கிளம்பும்போது மூக்குச் சக்கரக் காலை நீட்டி விமானத்தை நிமிர்த்தி வைத்ததால், பின்னாலிருந்து வரும் நெருப்பு நேரே தளத்தில் அடித்தது. ஆர்க் ராயல் கப்பலில் தண்ணீர் ஓடிக் குளிரும் தடுப்புத் தகடுகள் போட வேண்டியதாயிற்று. ஒரு இன்ஜின் மாற்றம் கப்பலின் தளம் வரைக்கும் வந்துவிட்டது, பாருங்கள்.

அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 டாம்கேட் விமானத்தின் கதை இன்னும் கனமானது. 1970இல் முதன்முதலாகப் பறந்தபோது அதில் இருந்த டிஎஃப்30 இன்ஜின் தற்காலிகமாகப் போட்டது. பின்னால் வரவேண்டிய எஃப்401 கைவிடப்பட்டதால் தற்காலிகமே நிரந்தரமாகிவிட்டது. டிஎஃப்30க்குத் திடீரென்று த்ராட்டிலை (விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை) அசைத்தாலோ, காற்று சாய்வாக உள்ளே வந்தாலோ கம்ப்ரசர் ஸ்டால் ஆகும் குணம், அதாவது உள்ளே காற்றோட்டம் தடுமாறி விசை போய்விடும். தரையிறங்கும் நேரத்தில் விமானி செய்வதெல்லாம் அந்த இரண்டும்தானே? 1994 அக்டோபரில் ஆபிரகாம் லிங்கன் கப்பலில் இறங்க வந்த கேரா ஹல்ட்கிரீனின் எஃப்-14ஏயில் இடது இன்ஜின் ஸ்டால் ஆனது. விமானம் உருண்டு கடலில் விழுந்து அவர் இறந்தார். பின்னால் இருந்த அதிகாரி தப்பினார். அதற்கு முன்பே, 1980களின் பிற்பகுதியில், எஃப்110 இன்ஜின் போட்ட டாம்கேட்கள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு இன்ஜினுக்குச் சுமார் 93 கிலோநியூட்டனாக இருந்தது 120 அளவுக்கு உயர்ந்தது. கேட்டபல்ட்டில் ஆஃப்டர்பர்னர் (பின்குழாயில் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும் அமைப்பு) இல்லாமலே கிளம்ப முடிந்தது. ஆனால் எஃப்110 நீளம் குறைவு. இடைவெளியை நிரப்ப ஏறத்தாழ 1.27 மீட்டர் நீளக் குழாய்ப் பகுதி ஒன்றைச் சேர்த்துத்தான் அதை அந்த உடம்பில் பொருத்தினார்கள். மாற்று இன்ஜின் உயிர் காக்கும் என்பதற்கும், அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்பதற்கும் எஃப்-14 ஒன்றே போதும். எல்லா விமானத்துக்கும் அது வந்து சேரவுமில்லை.

உங்கள் அட்டவணையில் த்ராட்டிலுக்கு இன்ஜின் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறது என்ற நெடுவரிசையே இல்லை. கப்பலில் இறங்கும் விமானி, சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் த்ராட்டிலை முழுக்க முன்னே தள்ளுவார். நிற்கப் போகிற விமானத்துக்கு ஏன் முழு விசை என்று கேட்பார்கள். விமானத்தின் வால் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்தால் சுமார் நூறு மீட்டருக்குள் விமானம் நின்றுவிடும், விசையைக் குறைத்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போனால் தளம் தீர்ந்து கடல் வருவதற்குள் மறுபடி பறக்க வேண்டும். அப்போது போய் இன்ஜினை எழுப்ப நேரமில்லை. 98 கிலோநியூட்டன் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதை உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு அத்தியாயமாகவே எழுதலாம்.

உப்பு

அப்பா கேட்காத ஒன்றை நான் சேர்த்துக்கொள்கிறேன். உசிலம்பட்டியில் உப்புக் காற்று கிடையாது, அதனால் அவருக்குத் தோன்றியிருக்காது. ராமேஸ்வரம் ரயிலில் போயிருப்பீர்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள், அரிப்புதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அசையாமல் நிற்கிற பாலத்துக்கே இந்தப் பாடு. அதே காற்றை விநாடிக்கு எழுபது கிலோ உறிஞ்சி, அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்குகிற இன்ஜினை நினைத்துப் பாருங்கள்.

கடல்மேல் பறந்துவிட்டு வந்த விமானத்தின் கம்ப்ரசரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவோம். இன்ஜினை எரிபொருள் இல்லாமல் சுழலவிட்டு உள்வாயில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். கழுவாமல் விட்ட ஒரு பிளேடை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். அடிப்பாகத்தில், பிளேடு தட்டோடு சேரும் இடுக்கில், வெள்ளையாகப் பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் ஊசி முனையளவு குழிகள். அந்தக் குழியில்தான் விரிசல் தொடங்கும். டர்பைன் பக்கம் இன்னும் மோசம். கடல் உப்பின் சோடியமும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்ஃபேட் ஆகும். சுமார் 884 டிகிரியில் அது உருகி, பிளேடைக் காக்கும் ஆக்சைடு படலத்தைத் தின்னும். அதனால் விமானப்படையில் நன்றாக ஓடும் இன்ஜினை அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்க முடியாது. பூச்சு மாறும், சில இடங்களில் உலோகமே மாறும். எரிபொருளும் வேறு. விமான நிலையங்களில் ஊற்றும் ஜெட் ஏ-1 தீப்பற்றக்கூடிய ஆவி விடும் வெப்பநிலை 38 டிகிரி, கப்பலுக்கான ஜேபி-5க்குக் குறைந்தது 60. கப்பலுக்குள் தீ என்றால் ஓடி ஒளிய இடமில்லை என்பதால் அந்தக் கண்டிப்பு.

இஜே200 நல்ல இன்ஜின். ஆனால் அது பறப்பது யூரோஃபைட்டரில், யூரோஃபைட்டர் கப்பலில் ஏறியதில்லை. எஃப்414ம் எம்88ம் பல வருஷங்களாகக் கப்பல் வாழ்க்கை வாழ்கின்றன. இந்த ஒரு வரி உங்கள் அட்டவணையின் வரிசையைத் தலைகீழாக்கும்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

இதற்குப் பதில் நம் நாட்டுக் கணக்குத் தணிக்கை அறிக்கையிலேயே இருக்கிறது. ஆர்டி-33எம்கே இன்ஜினில் பறக்கும் நம் கடற்படையின் மிக்-29கே விமானங்களைப் பற்றி சிஏஜி 2016இல் தந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2010இல் சேர்ந்ததிலிருந்து 40 இன்ஜின்கள், அதாவது 62 சதவிகிதம், வடிவமைப்புக் குறைகளால் திரும்பப் பெறப்பட்டன அல்லது நிராகரிக்கப்பட்டன என்று அதில் இருக்கிறது. விமானங்கள் பறக்கத் தயாராக இருந்த அளவு 16 முதல் 38 சதவிகிதத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. உங்கள் அட்டவணையில் ஆர்டி-33எம்கேக்கு நேரே 88 கிலோநியூட்டன் என்று இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

எஃப்414 பக்கமும் கவலை இல்லாமலில்லை. அதே நிறுவனத்தின் எஃப்404 இன்ஜின்கள் 99ஐ தேஜஸ் மார்க்-1ஏக்காக 2021இல் ஆர்டர் செய்தோம். முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். விமானத்தின் பாடி தயாராக நிற்க, இன்ஜினுக்காகக் காத்திருப்பது எவ்வளவு வலி என்று நீங்கள் உணர வேண்டும். ஆனாலும் என் கணிப்பில் எஃப்414க்கு ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. தேஜஸ் மார்க்-2, நாம் உருவாக்கிவரும் அடுத்த தலைமுறைப் போர் விமானமான ஏஎம்சிஏவின் முதல் வடிவம், கடற்படையின் இரட்டை இன்ஜின் விமானம் என மூன்றுக்கும் அதுவே திட்டமிடப்பட்டிருக்கிறது. ஒரே இன்ஜின் என்றால் ஒரே உதிரி, ஒரே டூல்ஸ், ஒரே பயிற்சி. பட்டறையில் நாலு கம்பெனி டிராக்டர் நிற்பதற்கும் ஒரே கம்பெனி டிராக்டர் நாலு நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அப்பாவிடம் கேளுங்கள். எல்லாமே ஒருவர் கையில் இருப்பதன் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அந்த இரண்டையும் எடைபோடுவதுதான் மாற்று இன்ஜின் என்ற பேச்சின் உயிர்.

காவேரி

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அட்டவணையில் காவேரிக்கு நேரே 81 கிலோநியூட்டன் என்று போட்டிருக்கிறீர்கள். அது இலக்கு. 1989இல் தொடங்கிய திட்டம் அந்த இலக்கைத் தொடவில்லை, எடையும் நினைத்ததைவிடக் கூடியது. 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. 2010 நவம்பரில் ரஷ்யாவில் ஐஎல்-76 விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். இப்போது ஆஃப்டர்பர்னர் இல்லாத வடிவம், 50 கிலோநியூட்டனை ஒட்டிய விசையோடு, ஆளில்லா விமானத்துக்காக வளர்கிறது. யாரோ வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார்கள் என்று எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. டர்பைன் பிளேடை ஒற்றைப் படிகமாக வார்க்கும் வித்தையை எந்த நாடும் எளிதில் சொல்லித் தராது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ ஒரு ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக அப்படி 60 பிளேடுகளை அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல்லுக்குக் கொடுத்ததே 2021இல்தான்.

பிரான்ஸ் என்ன செய்தது என்று பாருங்கள். ரஃபேலின் முதல் சோதனை விமானம் 1986 ஜூலையில் பறந்தபோது அதில் இருந்தவை இரண்டும் அமெரிக்க எஃப்404. சொந்த எம்88 தயாரானதும், 1990இல் ஒரு பக்கம் மட்டும் அதைப் பொருத்தினார்கள். மறுபக்கம் நம்பகமான பழையது. ஒன்று நின்றாலும் மற்றது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காவேரியின் வருங்கால வடிவத்துக்கும் இரட்டை இன்ஜின் விமானம்தான் சரியான பள்ளிக்கூடம் என்பது என் எண்ணம். முதல் நாளே கப்பலில் ஏற்றச் சொல்வது அதற்கு நாம் செய்யும் உதவியல்ல. ஒற்றை எஃப்404 போட்ட தேஜஸ் கடற்படை வடிவம் 2020 ஜனவரி 11இல் விக்ரமாதித்யாவில் இறங்கிச் சாதித்தது. ஆனால் முழு எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு கப்பலிலிருந்து கிளம்ப அதற்கு விசை போதாது என்பதை 2016லேயே கடற்படைத் தளபதி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். கப்பல் தளம் அவ்வளவு கறாரான இடம்.

அண்ணன் அனுப்பும் படங்கள்

வேண்டவே வேண்டாம், தம்பி. இதில் மட்டும் நான் மென்மையாகப் பேச மாட்டேன். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்புத் தொழிற்சாலையின் உள்ளிருந்து எடுத்த படத்தைக் கொடுப்பவர் மட்டும் குற்றவாளி என்று நினைக்காதீர்கள். தரக்கூடாதது என்று தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும் அதை வாங்கிக்கொள்பவரும் ஐந்தாம் பிரிவில் வருவார். மூன்று ஆண்டு வரை சிறை. விஷயம் உளவு என்ற மூன்றாம் பிரிவுக்குப் போனால் பாதுகாப்பு தொடர்பானவற்றுக்குப் பதினான்கு ஆண்டு வரை உண்டு. 'காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குத்தான்' என்பது காவல் நிலையத்தில் எடுபடாது. உங்கள் ரிப்போர்ட் நான்கு பேர் கைக்குப் போகும், பிடிஎஃப் எங்கெங்கோ போகும். அண்ணனின் வேலையும் போகும்.

இதுவரை எதுவும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. இன்றே அவருக்குப் போன் போட்டு, அனுப்ப வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். ஒருவேளை ஏதாவது வந்திருந்தால், யாருக்கும் அனுப்பாமல், அடுத்து என்ன செய்வது என்று ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்துக் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் படங்கள் தேவையும் இல்லை. தயாரிப்பாளர்கள் வெளியிடும் விவரங்கள், நாசாவின் திறந்த அறிக்கைகள், இலவசமாகக் கிடைக்கும் என்ஜின்சிம் மென்பொருள், சிஏஜி அறிக்கை, இவை போதும்.

45,000 ரூபாய் விஷயம் ஒரே வரி: கட்டாதீர்கள். பெங்களூரில் காவேரியை உருவாக்கும் ஜிடிஆர்இ போன்ற ஆய்வுக்கூடங்களுக்குக் கல்லூரி வழியாக நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

ப்ராஜெக்ட்டை என்ன செய்வது?

கைடு மேல் வருத்தம் வேண்டாம். "நடக்கிற காரியமா" என்று அவர் சொன்னதை நான் 'நான்கு பேர், நான்கு மாதம், இவ்வளவு பெரிய தலைப்பா' என்றே படிக்கிறேன். தலைப்பை முழுக்க விட்டுவிட்டு வேறு எடுத்தால் பாதுகாப்பு, ஆனால் இதுவரை செய்த உழைப்பு போகும், உங்களுக்கு மனமும் ஒட்டாது. இப்படியே விடாப்பிடியாகத் தொடர்ந்தால் இரண்டாம் ரிவ்யூவில் இதே பேச்சுதான் வரும், மதிப்பெண்ணும் அடிபடும். மூன்றாவது வழி, தலைப்பைச் சுருக்குவது. நான் அதைத்தான் சொல்வேன். 'ஸ்கீ-ஜம்ப் கிளம்பலில் இன்ஜின் விசை, விமான எடை, தள வெப்பநிலை, காற்று வேகம் ஆகியவற்றின் பங்கு: மூன்று இன்ஜின்களை வைத்து ஒரு கணிப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நான் போட்ட கணக்கில் விட்டுவிட்ட காற்றுத் தடை, உராய்வு, சூட்டில் குறையும் விசை மூன்றையும் நீங்கள் சேர்க்க வேண்டும். ஒரு இன்ஜின் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதை ஒரு தனிப் பகுதியாக வையுங்கள். வாய்மொழியாகப் பேசாமல், சுருக்கிய தலைப்பையும் வேலைத் திட்டத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி கைடு, துறைத்தலைவர் இருவரிடமும் கொடுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்தில் இருந்தால் அவர்களுக்கும் பதில் சொல்வது எளிது.

படிப்பு முடிந்த பிறகு என்ன என்பதில் அவசரப்பட வேண்டாம். கேட் தேர்வை மெக்கானிக்கல் பேப்பரிலேயே எழுதலாம், டிஆர்டிஓவின் விஞ்ஞானி பணிக்கு அந்த மதிப்பெண் பயன்படும். எரிதல் பற்றி மேலே படிக்க விரும்பினால் சென்னை ஐஐடியில் அதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது. கடற்படையின் குறுகிய காலப் பணி அதிகாரி தேர்வும் உண்டு. இவை எதற்கும் பட்டறை தடையல்ல. ஒரு வருஷம் கேட்டுக்குப் படித்துக்கொண்டே சாயங்காலம் பட்டறையில் நின்றால், ஸ்பேனர் பிடிக்காத இன்ஜினீயர்களை விட நீங்கள் ஒரு படி மேலே இருப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைக்காத வசதி அது. அப்பாவிடம் இதை ஒரு ஏற்பாடாகவே பேசிப் பாருங்கள், எத்தனை மாதம் என்று ஒரு கணக்கும் சொல்லுங்கள்.

இரண்டாம் ரிவ்யூ முடிந்ததும் எழுதுங்கள். அந்த ஜீப்புக்கு அப்பா எந்த ரேடியேட்டரைப் போட்டார், பழையது ஏன் போதவில்லை என்பதை அவரிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். கடிதத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டீர்கள்.